பானைக்குள் இருப்பது வெறும் மண் அன்று

சென்ற வாரம் தன்னார்வலர் ஒருவர், முந்தைய நாள் அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்த பானையைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பெருமையோடு என் மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்த மண் எங்கே என்று கேட்டேன். "வெறும் மண்தானே, கொட்டிவிட்டேன்" என்றார். இந்தப் பதிலை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது?

பானைக்குள் இருப்பதை அழுக்கு என்று நினைப்பதுதான் எங்கள் தொழிலின் தீராத தலைவலி. அந்த மண்ணை நீரில் கரைத்து, மிதந்து வருவதை நுண்சல்லடையில் வடித்தால், கருகிய தானியமும் களைவிதையும் அகப்படும். உள்சுவரில் ஒட்டிய கரிப்பற்று கரிமக் காலக்கணிப்புக்கு உதவும். மெருகிடாத பானையில் சமைத்த உணவின் கொழுப்பு, சுவரின் நுண்துளைகளுக்குள் ஊறி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருக்கும். அது பாலினுடையதா இறைச்சியினுடையதா என்பதைக்கூட ஆய்வகத்தில் பெரும்பாலும் பிரித்தறிய முடியும். மேற்சொன்ன பானையில் மண்ணும் கரிப்பற்றும் ஒரு வாளித் தண்ணீரோடு போயின. ஊறிய கொழுப்பு எஞ்சியிருக்கலாம். ஆனால் அதன்மேல் அவருடைய விரல்களின் எண்ணெயும் படிந்திருக்கிறது.

ஆகவே, பானை தென்பட்டவுடன் விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, சுற்றியுள்ள மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல விலக்குங்கள். விரிசல் விட்டிருந்தால் பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டி, உள்மண்ணோடும் அடிமண்ணோடும் சேர்த்தே தூக்குங்கள். கொழுப்பாய்வுக்கான பானையோட்டுத் துண்டைக் கையுறையோடு எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் ஆய்வு முடிவைக் குழப்பும். வெயிலில் காயவைக்கவே வேண்டாம். ஈரம் வேகமாக வற்றும்போது மண்ணிலிருந்து ஏறிய உப்பு மேற்பரப்பில் படிகமாகி, பூச்சைச் செதில் செதிலாக உரித்துவிடும். உடைந்ததை உடனடிப் பசையால் ஒட்டும் ஆர்வலர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் இரத்த அழுத்தம் ஏறும்.

உடைந்த ஓடுதானே என்று ஒதுக்குவோரும் உண்டு. விரல் நீள விளிம்புத் துண்டு ஒன்று போதும், பானையின் வாய் விட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1899-இல் எகிப்தின் பண்டைய கல்லறைகளைக் கால வரிசைப்படுத்தியது பொன்னைக் கொண்டன்று, அவற்றில் கிடைத்த சாதாரண மட்பாண்டங்களைக் கொண்டுதான்.

உள்மண்ணைக் கொட்டிய இடத்தையாவது காட்டுங்கள் என்று அந்தத் தன்னார்வலரிடம் கேட்டேன். அழைத்துச் சென்று, மூன்று குழிகளின் மண்ணும் கலந்து கிடந்த குவியலைக் காட்டினார்.