இரண்டாம் முறையும் கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று விட்டுவிடாதீர்கள்

"டாக்டர், போன வருஷமே இவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து போயிடுச்சு. மறுபடியும் எப்படி?" பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கத்திலிருந்து காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வரும் நம் தாய்மார்கள் அடிக்கடி கேட்பது இது. நியாயமான சந்தேகம். பொன்னுக்கு வீங்கி, இங்கே மங்கனபாவு என்பார்கள், ஒரு வைரஸ் நோய். ஒருமுறை வந்தால் அநேகமாக ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி தங்கிவிடும். அதே பிள்ளைக்கு நாலைந்து மாதத்தில் மறுபடியும் காதடியில் வீங்குகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். முதலில் வந்ததே பொன்னுக்கு வீங்கிதானா என்றும் யோசிக்க வேண்டும்.

பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் ஒரு பக்கம் ஆரம்பித்து ஓரிரு நாளில் மறுபக்கத்தையும் பிடிக்கும். இரண்டு மூன்று வாரம் முன்பு வகுப்பிலோ வீட்டிலோ வேறு யாருக்காவது வந்திருக்கும். காதடியிலுள்ள பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் திரும்பத் திரும்ப வரும் அழற்சி அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும்; அடுத்த முறை அதே பக்கமாகவும் இருக்கலாம், எதிர்ப்பக்கமாகவும் இருக்கலாம். அடுத்தவருக்கு ஒட்டாது. "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பவர்கள் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கிய அரசின் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துக் காப்பது எம்.எம்.ஆர். ஊசி. 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணையாக அதைப் போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். முதல் வீக்கத்தில் பொன்னுக்கு வீங்கியோ என்று சந்தேகம் இருந்தால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். தொடர் அழற்சி என்று உறுதியான பிறகும் ஒவ்வொரு முறையும் பள்ளி திருப்பி அனுப்பினால், இது தொற்றாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

பரோடிட்தான் நம் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெரியது. காதுக்கு முன்னும் கீழுமாகத் தாடை வளைவை அணைத்தபடி இருக்கிறது. அதன் உமிழ்நீர் ஏறக்குறைய 5 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய் வழியாகக் கன்னத்துக்குள் ஓடி, மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே வாய்க்குள் திறக்கிறது. குழாயிலேயே குறுகலான இடம் அந்த வாசல்தான். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உமிழ்நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஓட்டம் மந்தமானால் அதிலுள்ள புரதம் கெட்டியாகித் திப்பிதிப்பியாக அடைக்கும். பின்னால் அழுத்தம் ஏறி உள்ளிருக்கும் சிறு கிளைகள் குட்டிக் குட்டிப் பைகளாக உப்பும். தேங்கிய இடத்துக்கு வாயிலுள்ள கிருமிகள் ஏறி வரும். அழற்சியில் குழாய்ச் சுவர் தழும்பேறி இன்னும் குறுகும். அடுத்த வீக்கத்துக்கு அதுவே வழி வைக்கிறது. ஆகவே மருந்து எதுவாக இருந்தாலும், உமிழ்நீரை ஓட வைப்பதுதான் வைத்தியத்தின் மையம்.

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள் தொடங்குகிறது. பையன்களிடம் சற்று அதிகம். ஒவ்வொரு முறையும் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை நீடிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதை எட்டும்போது தானாக நின்றுவிடும். இன்னாருக்கு ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பிறவியிலேயே குழாயின் அமைப்பு, பரம்பரை, நோய் எதிர்ப்பில் ஐஜிஏ என்ற புரதத்தின் குறைவு என்று பல சேர்ந்திருக்கும். தூண்டிவிடுவது என்னவோ பல சமயம் சாதாரண விஷயம்: சளிக் காய்ச்சல், தண்ணீர் குறைவு. பெங்களூர் குளிரில் தாகமே எடுப்பதில்லை. பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நிறைய. காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே வீடு திரும்பும். அதற்கு மேல் சளி சிரப்பிலுள்ள குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து உமிழ்நீரை இன்னும் வற்ற வைக்கும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீக்கம் வந்த அன்று வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கையைக் கழுவிக்கொண்டு, டார்ச் அடித்து, ஸ்பூன் காம்பால் கன்னத்தை மெல்ல விலக்குங்கள். மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்பக்கம் ஒரு சின்ன மொட்டு தெரியும். அதுதான் குழாயின் வாசல். இன்னொருவர் வெளியே காதடியிலிருந்து கன்னத்தை நோக்கி விரலால் மெதுவாகத் தடவிவரட்டும். தெளிந்த நீர் கசிந்தால் ஓட்டம் இருக்கிறது. கலங்கலாக, வெள்ளைத் துகள் மிதக்க வந்தால் தொடர் அழற்சியின் அடையாளம். மஞ்சளாகச் சீழ் வந்தால் பாக்டீரியா தொற்று, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதுவுமே வராவிட்டால் அடைப்பு இருக்கலாம். வலியில் பிள்ளை அழுதால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கூடவே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். முகத்தை நேராக, இரண்டு கன்னமும் தெரிகிற மாதிரி. அப்பாயின்ட்மென்ட் கிடைத்து வரும் நாளில் வீக்கம் வடிந்திருக்கும். எங்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது. எந்தப் பக்கம், எத்தனை நாள், காய்ச்சல் இருந்ததா, சாப்பிடும்போது கூடியதா என்று தேதியோடு குறித்து வைத்தால் பாதி நோய்க்கணிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டு வைத்தியத்தில் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர். 5 வயதுப் பிள்ளைக்குப் பால், மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு 1 முதல் 1.3 லிட்டர் உள்ளே போக வேண்டும். சிறுநீர் வெளிறி இருந்தால் போதுமென்று அர்த்தம். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 10 நிமிட ஒத்தடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. சூட்டை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். ஒத்தடம் முடிந்ததும் நாக்கில் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. புளிப்புப் பட்டதும் உமிழ்நீர் ஊறும்; அந்த நேரத்தில்தான் தடவ வேண்டும். இரண்டு விரலைக் காது மடலுக்குக் கீழே வைத்து, கன்னத்தின் வழியாக வாய் ஓரம் வரை, முன்னோக்கியே, பத்துப் பதினைந்து தடவை. பின்னோக்கித் தேய்த்தால் பயன் இல்லை. முடிந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சை பல் எனாமலை அரிக்கும். புளிப்பு மிட்டாயை 4 வயதுக்குக் கீழே தர வேண்டாம், தொண்டையில் சிக்கும். எலுமிச்சை பட்டவுடன் வலி சுரீரென்று ஏறி வீக்கம் பெருத்தால் அதோடு நிறுத்துங்கள். குழாய் முழுதாக அடைபட்டிருக்கலாம்.

வலிக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 240 மி.கி. தவறு நடப்பது சிரப்பில்தான். 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் இருக்கிறது, 250 மி.கி. என்றும் இருக்கிறது. முதலாவதில் 10 மி.லி. வேண்டும், இரண்டாவதில் 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவே போதும். பழைய பாட்டில் கணக்கில் புதிய பாட்டிலை ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன் கொடுக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் எல்லா வீக்கத்துக்கும் தேவையில்லை. சீழ், விடாத காய்ச்சல், தோல் சிவந்து சூடாக இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தால் அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் போன்றதை 7 முதல் 10 நாள் எழுதுவோம். சீழ் வந்தால் முதல் வேளைக்கு முன்பே ஒரு துளியைச் சோதனைக்கு எடுப்பது நல்லது. மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு நாளில் நிறுத்துவது கிருமியைப் பழக்கிவிடும் வேலை. முழுதாகச் சாப்பிட்டாலும் இந்த முறை வந்த தொற்றுதான் அடங்கும், அடுத்த வீக்கத்தை அது தடுக்காது. வருஷத்துக்கு ஐந்து கோர்ஸ் எடுத்த பிள்ளைகள் வருகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடாதீர்கள். பிள்ளைகளின் மெல்லிய தோல் வெந்துபோகும். உள்ளே சிவந்திருக்கிறதா என்பதும் மறைந்துவிடும். கழுத்தில் தங்கச் செயின் போட்டுவிடுவதால் கெடுதல் இல்லை, மருத்துவரிடம் வரத் தாமதமாகாதவரை. எக்காரணத்தைக் கொண்டும் இதைக் கட்டி என்று நினைத்துக் கீறிவிட அனுமதிக்காதீர்கள். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் ஐந்தாகக் கிளை பிரிகிறது. ஒரு கிளை அறுந்தால் கண் மூடாது, அல்லது வாய் கோணிவிடும்.

இரண்டாம் முறை வீங்கினாலே அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு இல்லை, மயக்கம் தேவையில்லை. இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். வீங்காத பக்கத்திலும் மாற்றம் தெரிவதுண்டு. 2 முதல் 4 மி.மீ. அளவில் கறுத்த புள்ளிகள் சிதறிக் கிடந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. குழாயில் கல் உருவாகி அடைத்திருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் அது பல சமயம் தெரியாது. இரத்தத்தில் அமைலேஸ் என்ற நொதி கூடியிருந்தால் கணையம் என்று பயந்துவிடாதீர்கள். இந்தச் சுரப்பி வீங்கினாலும் அது ஏறும், கணையத்தின் நொதியான லைபேஸ் மட்டும் இயல்பாக இருக்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்களின் அளவும், சம்மதத்தோடு எச்.ஐ.வி. சோதனையும் பார்ப்போம். சிவாஜிநகர் பவுரிங், விக்டோரியா, குழந்தைகள் என்றால் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம் என்று அரசு ஆஸ்பத்திரிகளிலேயே தொடங்கலாம்.

அடிக்கடி வந்து பள்ளியும் தூக்கமும் கெடுகிறது என்றால் சியாலெண்டோஸ்கோப்பி இருக்கிறது. எல்லா இடத்திலும் கிடையாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குழாயின் வாசலை மெல்லிய கம்பிகளால் படிப்படியாக விரித்து, 0.8 முதல் 1.6 மி.மீ. பருமனுள்ள கேமராவை உள்ளே செலுத்துவோம். நோயுற்ற குழாய் இரத்த ஓட்டமின்றி வெளிறித் தெரியும். சலைன் விட்டு அடைசலைக் கழுவி, குறுகலை விரித்து, ஸ்டீராய்டு மருந்தையும் உள்ளே விடுவதுண்டு. பிள்ளைகளுக்கு முழு மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டும். வெளியே தழும்பு இல்லை. அன்று கன்னம் புசுபுசுவென்று உப்பியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விட்ட நீர் ஓரிரு நாளில் வடியும். இதன் பிறகு வீக்கம் வெகுவாகக் குறைகிறது. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். ஒரேயடியாக நின்றுவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். சுரப்பியையே எடுப்பது கடைசி வழி. நரம்பு ஆபத்து இருப்பதால் பிள்ளைகளுக்கு அது அநேகமாகத் தேவையே இல்லை.

பெரியவர்களுக்குக் கணக்கு வேறு. சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்தால் கல்லோ குறுகலோ இருக்கும். போர்வெல் தண்ணீரால்தான் கல் என்று இங்கே பலர் கேன் தண்ணீருக்கு மாறுகிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மைக்கும் உமிழ்நீர்க் கல்லுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. குறைவாகக் குடிப்பதுதான் கெடுதல். சர்க்கரை நோய், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நீர் பிரியும் மாத்திரை, தைராய்டு புற்றுக்கான கதிரியக்க அயோடின் ஆகியவையும் காரணமாகலாம். மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், சீட்டைக் கொண்டுவாருங்கள்.

நாற்பதைக் கடந்த பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணில் மணல் உறுத்துவது போலிருக்கிறது, தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்கவில்லை, கன்னமும் வந்து வந்து வீங்குகிறது என்றால் அது உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம். ஆன்டி ரோ, ஆன்டி லா இரத்தச் சோதனையும், கண்ணில் சிறு காகிதத்தை 5 நிமிடம் வைத்து நனைவதை அளக்கும் சோதனையும் (5 மி.மீ. அல்லது குறைவு என்றால் வறட்சி) செய்ய வேண்டும். சிலருக்கு ஆண்டுகள் கழித்து அதே சுரப்பியில் லிம்போமா என்ற புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு, அதனால் தொடர் கண்காணிப்பு அவசியம். பருவமெய்திய பிறகும் வீக்கம் நிற்காத பெண் பிள்ளைகளுக்கும் இதே சோதனை உண்டு.

வாய் திறக்க முடியாமை, பரவும் சிவப்பு, சர்க்கரை நோயாளிக்குக் குளிர் காய்ச்சல் என்றால் அன்றே வாருங்கள். வலியே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கிய கெட்டி உருண்டை, அதிலும் முகத்தில் ஒரு பக்கம் தளர்ந்தால், அழற்சி என்று காத்திருக்கக் கூடாது. அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்போம். ஊசி போட்டால் புற்று பரவிவிடும் என்று பயந்து பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த மெல்லிய ஊசியால் பரவுவது மிக மிக அரிது. முடிவும் சில நாளில் கையில் கிடைத்துவிடும்.