மாற்றுச் சிறுநீரகம்: மாத்திரை ஏன் நேரம் தவறக் கூடாது?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பும்போது, உடனிருந்து கவனிப்பவரின் கையில் ஒரு மாத்திரை அட்டவணையும் கொடுக்கப்படுகிறது. அதில், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்துக்கு எதிரே காலை 9, இரவு 9 என்பதுபோல் பன்னிரண்டு மணி நேர இடைவெளி குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடைவெளியின் காரணத்தைப் புரிந்துகொள்வதே ஒரு குடும்பம் நோயாளிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேற்பரப்பிலும் அவரவருக்கே உரிய அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. ரத்தத்திலுள்ள டி செல்கள் எனப்படும் எதிர்ப்புச் சக்திச் செல்கள் அந்நியமான அடையாளத்தைக் கண்டவுடன், அவற்றினுள் கால்சியத்தின் அளவு உயர்ந்து, கால்சினியூரின் என்ற நொதி விழித்துக்கொள்ள, அதன் தூண்டுதலால் இன்டர்லூகின்-2 என்ற புரதம் உற்பத்தியாகி, டி செல்கள் பல்கிப் பெருகிப் புதிய உறுப்பைத் தாக்குகின்றன. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்கு, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர்களாக இருந்ததே முக்கியக் காரணம். மற்றவர்களுக்கு மருந்து தேவைப்பட்டது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984-இல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ், செல்லினுள் ஒரு புரதத்துடன் இணைந்து கால்சினியூரினைச் செயலிழக்கச் செய்கிறது. தாக்குதலுக்கான கட்டளை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. மருந்து குறைந்தால் உடல் புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கும். கூடினால், சிறுநீரகத்துக்குள் ரத்தம் செல்லும் நுண்குழாய்கள் சுருங்கி, காப்பாற்ற வேண்டிய உறுப்பே பாதிக்கப்படும். கை நடுக்கமும் சர்க்கரை உயர்வும் வரலாம். குடலிலும் கல்லீரலிலும் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே எடையுள்ள இருவருக்கு வெவ்வேறு அளவு தேவைப்படுகிறது. ஆகவேதான் அடிக்கடி ரத்தத்தில் ‘டாக்ரோ லெவல்’ பார்க்கிறார்கள்.

சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற இடங்களில் சிகிச்சை பெற வெளியூரிலிருந்து வருபவர்கள், முதல் சில மாதங்களுக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்குவதற்கு இந்தத் தொடர் பரிசோதனையும் ஒரு காரணம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வரிசையில், காலை மாத்திரையைச் சிறு டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயிடம், “ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை போடணும்மா” என்று மகன் நினைவூட்டுவது மிகச் சரியான அறிவியல். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழிந்து, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்புதான் ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும். மருத்துவருக்கு வேண்டியது அந்தக் குறைந்தபட்ச அளவு. மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்துவிட்டால், உறுப்பு பாதுகாப்பின்றி நிற்கும். இரவு எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்பதையும் எழுதிக் கொண்டுபோவது நல்லது.

சமையலறையும் இதில் சேர்கிறது. பம்பளிமாஸ், கிரேப்ஃபுரூட் ஆகிய பழங்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து மருந்தின் அளவை உயர்த்துவதால், இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வீணாகிக் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில், குடலின் உட்சுவர் பாதிக்கப்பட்டு அங்கே நடக்கும் சிதைவு குறைவதால், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் பெரும்பாலும் கூடிவிடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மருந்துகளும் அப்படியே ஆபத்தானவை: கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டும், காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் குறைக்கும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை நேரடியாகவே தாக்கும்.

எதிர்ப்புச் சக்தி மிகவும் அடக்கப்பட்டிருக்கும் முதல் மாதங்களில், நலம் விசாரிக்க வரும் உறவினர்களிடம் “இப்போது போனில் பேசுங்கள்” என்று சொல்லும் தைரியம் உடனிருப்பவருக்கு வேண்டும். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆறவைத்தே கொடுக்கலாம். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பதால், சென்னையின் மழை மாதங்களில் மதியத் தூக்கத்துக்கும் கொசுவலை அவசியம்.

டாக்ரோலிமஸுடன் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுத்து, பசியையும் எரிச்சலையும் கூட்டும். பொறுமைசாலியான அப்பா சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினால், அது அந்த மருந்தின் வேலையாகவும் இருக்கலாம் என்று வீட்டார் முன்கூட்டியே அறிந்திருப்பது இரு தரப்பினரையும் காக்கும். அளவு குறையக் குறைய இந்த மாற்றங்கள் பெரும்பாலும் தணியும். மனநிலை மிகவும் மோசமானால் மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது.

நிராகரிப்பு பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இல்லாமல் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருள்) உயர்வாக மட்டுமே வெளிப்படும். “நன்றாகத்தானே இருக்கிறார்” என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான். தினமும் ஒரே நேரத்தில் பார்க்கும் எடை திடீரென ஏறினாலும், சிறுநீர் குறைந்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காமல், மாத்திரை போட்டவுடன் வாந்தி எடுத்தால் நாமாக இன்னொன்று கொடுக்காமல், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொண்டு கொடுப்பதே பாதுகாப்பானது.