தயிரும் பாணியும் தசையின் கதவும்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: “தம்பி, சீனி வருத்தம் வந்தபிறகு கிண்ணியா எருமைத் தயிருக்கும் கித்துள் பாணிக்கும் கும்பிடு போட வேண்டியதுதானா? வாயைக் கட்டிக்கொண்டு இன்னும் இருபது வருடம் இருந்து என்ன செய்ய?” பின்பாதிக்கு விடை சொல்வது அறிவியலின் வேலையன்று, முன்பாதிக்குச் சொல்லலாம்.

சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாக உடைவதும் சதையி இன்சுலினைச் சுரப்பதும் பள்ளியில் படித்தவையே. ஆனால் அளவுகளைப் பாருங்கள். உண்ணாதிருக்கும் வேளையில், நலமான ஒருவரின் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோசு சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான். 200 கிராம் சோறோ 50 கிராமுக்கு மேல் கொண்டுவந்து சேர்க்கிறது. அதை இறக்கிவைக்க உடலிலுள்ள மிகப் பெரிய களஞ்சியம் தசை.

தசைக்கலத்தின் மென்சவ்வைக் குளுக்கோசு தானாகக் கடக்காது. அதற்குக் குளூட்-4 என்னும் கடத்திப் புரதம் வேண்டும். அதுவோ ஓய்வுநேரத்தில் கலத்தினுள் புடகங்கள் என்னும் நுண்ணிய பைகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. இன்சுலின் மென்சவ்வின் வெளிப்புறத்தில் வந்து பொருந்தியதும் உள்ளே செய்தி ஓடி, புடகங்கள் எழுந்து மென்சவ்வோடு கலக்க, கடத்திகள் கதவுகளாக நிற்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவு என்னும் சீனி வருத்தத்தில் இந்தச் செய்திதான் மங்கிவிடுகிறது.

எனினும் கதவுக்கு இன்னொரு வழியுண்டு; அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தசை சுருங்கும்போது கலத்தினுள் கல்சியம் வெளிப்படுகிறது, சக்தி செலவாகிறது, அச்செலவை உணரும் நொதியம் ஒன்று விழித்தெழுகிறது. இவை சேர்ந்து இன்சுலினின் சொல்லுக்குக் காத்திராமலே புடகங்களை மேலே அனுப்புகின்றன. இன்சுலின் தெருவில் நின்று கதவைத் தட்டும் விருந்தாளியென்றால், உழைக்கும் தசை பசியெடுத்து உள்ளிருந்து தானே தாழ்ப்பாளை நீக்கும் வீட்டுக்காரர். விருந்தாளி தட்டுவது கேளாத வீட்டிலும் இந்தத் தாழ்ப்பாள் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கிறது. நடை நின்று சில மணித்தியாலங்களில் இவ்வழி அடங்கினாலும், இன்சுலினுக்குத் தசை செவிகொடுக்கும் தன்மை மறுநாள் வரையும் மேம்பட்டிருக்கும்.

முதுமையின் சிக்கல், களஞ்சியமான தசையே குறைந்துபோவது. ஆகவே நோய்க்கு அஞ்சி, தசைக்குப் புரதம் தரும் மீனையும் முட்டையையும் விலக்கி, நாற்காலியில் அமர்ந்துவிடும் முதியவர் தம்மிடமுள்ள நல்ல மருந்தையே கரைத்துக்கொள்கிறார். நீரிழிவை வேரோடு அறுப்பதாகச் சூரணம் விற்பவர்களுக்கு இவரே வாடிக்கையாளராவது எனக்கு வேதனை தருகிறது.

ஆசிரியருக்கு என் விடை இதுதான்: தயிரில் பெரிய குற்றமில்லை, பாணியைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், சாப்பிட்ட அரைமணிக்குள் எழுந்து நடங்கள். திருகோணமலை உட்துறைமுக வீதி போதும். முழங்கால் இடந்தந்தால், மான்கள் மேயும் கோட்டைக்குள்ளால் கோணேசர் மலைக்கு ஏறுவது தொடைத்தசைக்கு இன்னும் நல்லது. இன்சுலின் ஊசியோ அதைச் சுரக்கவைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் மட்டும் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வழியும் ஒன்றாகத் திறந்தால் குருதிச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால், மலையேறும் அந்தச் சீனி வருத்தக்காரரின் சட்டைப்பையில் இரண்டு டொபி இருப்பது அவசியம்.