கிணற்று நீச்சலை நம்பிப் பரிசல் ஏறாதீர்கள்

இந்த ஆடியிலும் காவிரியிலிருந்து ஒரு கல்லூரிப் பையனைத் தூக்கிவந்து கரையில் கிடத்தினோம். பரிசல் கவிழ்ந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நாணலில் லைஃப் ஜாக்கெட்டுகள் சிக்கிக் கிடந்தன. ஒன்றில்கூடக் கொக்கி மாட்டியிருக்கவில்லை. உட்கார மெத்தையாகப் போட்டிருக்கிறார்கள்.

அவனுடைய அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "எங்க கெணத்துல நெதமும் குதிக்கறவனுங்க. நீச்சல் நல்லாத் தெரியுமுங்க."

மீட்புப் பணியில் இதைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. கொங்கு நாட்டில் பாதிப்பேர் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள்தான். ஆனால் கிணற்றில் நீங்களாக மூச்சை இழுத்துக்கொண்டு குதிக்கிறீர்கள். இடுப்பில் டிரவுசர் மட்டும். நாலு கை போட்டால் படிக்கட்டு, இல்லையென்றால் மோட்டார் பைப். பரிசலில் இருந்து விழுகிறவன் பேசிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இருக்கும்போது விழுகிறான். திடுக்கிட்டு வாயைத் திறந்து மூச்சை இழுப்பான், உள்ளே போவது தண்ணீர். நனைந்த ஜீன்ஸ் காலை இழுக்கும், வேட்டி என்றால் சுற்றிக்கொள்ளும். கரையைப் பார்த்து நேராக நீந்துவான், ஆறு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். கை ஓய்ந்துவிடும். கால் ஊன்றலாம் என்று பார்த்தால் மணல் அள்ளிய குழி. இதில் எதற்கும் கிணறு பழக்கம் தராது.

தண்ணீர் அசையாமல் இருக்கிறதே என்றும் நம்பாதீர்கள். நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை கதவணைகளில் காவிரி குளம் மாதிரிதான் தெரியும். மதகு திறந்தால் கதையே வேறு. மேட்டூர் 120 அடி நிரம்பி உபரிநீர் வருகிற நாட்களில் பரிசல் பக்கமே போகாதீர்கள்.

படகை ஆடாமல் பிடித்துவைக்கும் அடிக்கட்டை பரிசலுக்குக் கிடையாது. மூங்கில் வட்டம், அவ்வளவுதான். ஒருவர் எழுந்து நின்றாலே ஆடும், செல்பிக்காக எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். நடுவைப் பார்த்து உட்காருங்கள், இறங்கும் வரை எழாதீர்கள். குடித்துவிட்டு ஏறுகிறவர்களிடம் என்ன சொல்ல, ஏறாதீர்கள்!

ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கியைப் பூட்டியபின், பக்கத்தில் இருப்பவரை ஜாக்கெட்டின் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தளர்வு, வாரை இறுக்குங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போடாதீர்கள் கண்ணுகளா, குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். அளவு இல்லையென்றால் குழந்தையை ஏற்றவே வேண்டாம். பரிசல்கார அண்ணன்மார்களே, காசு கூடக் கேளுங்கள், தப்பில்லை. ஜாக்கெட் போடாதவரை மட்டும் ஏற்றாதீர்கள்.

கவிழ்ந்துவிட்டால் பரிசலை விடாதீர்கள். கவிழ்ந்தாலும் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கத்துங்கள். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்க வேண்டாம். முழுகுகிறவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், அப்புறம் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். கயிறு, சேலை, மூடி போட்ட காலி கேன், கையில் கிடைப்பதை வீசுங்கள். 112-க்குக் கூப்பிடுங்கள். ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்போம்.