பேக்கிங் பவுடருக்குப் பதில் அப்பச்சோடா: அளவும் எச்சரிக்கையும்

"பேன்கேக்குக்கு மாவைக் கரைத்துவிட்டோம், பேக்கிங் பவுடர் முடிந்துவிட்டது, அப்பச்சோடாவை அதே அளவுக்குப் போடலாமா?" நுவரெலியாவில் விடுதிச் சமையலறையில் வேலை செய்த காலத்திலும், இப்போது இளையோருக்குப் பயிற்சி அளிக்கும்போதும், என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இதுதான். அதே அளவுக்குப் போடக்கூடாது. அப்படிப் போட்ட மாணவி ஒருவர், மஞ்சள் பூத்துச் சவர்க்காரம் போல் கசந்த ஒரு தட்டுப் பேன்கேக்கை முழுவதுமாகக் கொட்ட நேர்ந்தது. மாவும் முட்டையும் விற்கும் விலையில் அது சிறிய இழப்பன்று.

தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்துச் சுருட்டும் நம் ஊர்ப் பேன்கேக்குக்கு உப்பச் செய்யும் பொருளே தேவையில்லை. நான் சொல்வது தடிப்பாக, மெத்தென்று எழும்பும் பேன்கேக்கையும் வாஃபிளையும் பற்றி.

அப்பச்சோடா என்பது சோடியம் பைகாபனேற்று மட்டுமே. புளிப்பு சேர்ந்தால்தான் அது காபனீரொட்சைட்டு வாயுவை முழுமையாக வெளிவிடும். சேராவிட்டால் மிஞ்சும் காரம் நாக்கில் கசக்கும். பேக்கிங் பவுடரிலோ சோடாவுடன் உலர்ந்த அமிலமும் சோளமாவும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. ஆகவே ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு ஈடாகக் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவே போதும், ஆனால் அதற்குரிய புளிப்பை நாம்தான் கொடுக்க வேண்டும். நான் முதலில் பரிந்துரைப்பது நன்கு புளித்த தயிரை: அரைக் கோப்பைத் தயிரைச் சேர்த்து, அதே அளவு பாலைக் குறைத்துவிட வேண்டும். தயிர் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினாகிரியைப் பாலில் கலந்து பத்து நிமிடம் திரியவிடலாம். அரைத் தேக்கரண்டிச் சாறு போதும் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு சோடாவின் காரத்தைத் தணிக்க அது போதவே போதாது.

கடையில் கிடைக்கும் பேக்கிங் பவுடர் பெரும்பாலும் ஈரம் பட்டபோது ஒருமுறையும் சூடு பட்டபோது மறுமுறையும் பொங்கும். தயிரும் சோடாவும் கலந்த கலவை அப்படிக் காத்திருக்காது. ஆகவே தாச்சி காய்ந்த பிறகே சோடாவைச் சேர்த்து, இரண்டொரு தடவை மட்டும் கிளறி, உடனே ஊற்ற வேண்டும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், வாயுக் குமிழிகள் கூடுதலாக விரிந்து, பேன்கேக் சட்டென்று எழும்பி நடுவில் அமுங்கிவிடுகிறது. கொழும்புச் சமையல் குறிப்பைப் பின்பற்றுவோர் இங்கே சோடாவைக் கால் பங்கு குறைத்துப் பார்க்கலாம்.

வாஃபிளுக்கு நான் சோடாவைத் தேடுவதே இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாக மடித்துச் சேர்த்தால், உள்ளே மென்மையும் வெளியே மொறுமொறுப்பும் தானாக வரும். உயர் இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைத்து உண்பவர்களுக்கும் இதுவே ஏற்றது. கால் தேக்கரண்டி அப்பச்சோடாவில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது சலவைச் சோடாதான். அது சோடியம் காபனேற்று, கடுங்காரம், வாயையும் தொண்டையையும் புண்ணாக்கக்கூடியது. சில்லறையாகப் பொலித்தீன் பையில் கட்டி வாங்கும்போது இரண்டும் ஒரே வெள்ளைத் தூளாகத்தான் தெரியும். பெயர் எழுதாத பையில் இருப்பது எது என்று உறுதியாகத் தெரியாதபோது, அதை நாக்கில் வைத்துச் சோதிக்காமல் ஒதுக்கிவிட்டு, கரைத்த மாவோடு இன்னும் கொஞ்சம் கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து ரொட்டியாகச் சுட்டுவிடுங்கள்.