குதிரைக்கு மாட்டுக் கணக்கு ஆகாது

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதியம் அழைப்பு வந்தது. முந்தைய இரவு பெண்குதிரை நல்லபடியாக ஈன்றிருந்தது, குட்டி துள்ளிக்கொண்டிருந்தது. தாயோ முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. குளம்பைத் தொட்டேன், சுட்டது. பின்னால் தொங்கிய இளங்கொடியின், அதாவது நஞ்சுக்கொடியின், நுனியில் செங்கல் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள்.

"மாட்டுக்கு மறுநாள்கூட விழுமே ஐயா" என்றார் பெரியவர். காலமெல்லாம் மாடு வளர்த்த கை. அந்த அனுபவமே அன்று எமனாயிற்று. மூன்றாம் நாள் குதிரை செத்தது.

மாட்டின் இளங்கொடி கருப்பையில் அங்கங்கே பொத்தான் போட்டதுபோல் ஒட்டியிருக்கும். குதிரைக்கு உட்சுவர் முழுவதும் ஒட்டியிருக்கும். ஈன்று 3 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் அது ஆபத்து. அழுகும் கொடியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து குளம்புவரை பாய்கிறது. கல் கட்டினாலோ இழுத்தாலோ கொடி கிழிந்து நுனி உள்ளேயே தங்கும். கருப்பையே வெளியே பிதுங்கவும் கூடும். தொங்குவதைக் கால் மிதிக்காத உயரத்துக்குச் சுருட்டி முடிந்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஊசியும் கருப்பைக் கழுவலும் நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

கொடி விழுந்ததும் சாக்கில் கட்டி ஆலமரத்துக்குக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம். நான் தடுப்பதில்லை. அதற்கு முன் தரையில் விரித்துப் பாருங்கள், அல்லது நான் வரும்வரை வாளியில் வையுங்கள். கால்சட்டை போல இரண்டு கிளைகள் இருக்கும். இரண்டின் நுனியும் முழுசாக இருக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவுத் துண்டு போதும் உயிரைக் குடிக்க.

ஈனும்போதும் அவசரம்தான். நீர்க்குடம் உடைந்து 20 முதல் 30 நிமிடங்களில் குட்டி வந்துவிட வேண்டும். வெண்மையான சவ்வுக்குப் பதிலாக வெல்வெட் போன்ற சிவப்புப் பை முதலில் எட்டிப் பார்த்தால் யாருக்கும் காத்திருக்காமல் உடனே அறுத்துக் குட்டியை வெளியே எடுங்கள். உள்ளே அதற்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது.

சினையின் கடைசி மாதங்களில் வயிற்றுவலி வந்தால் கஷாயம் ஊற்றி விடியும்வரை பார்க்காதீர்கள். கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

பலமுறை ஈன்ற வயதான குதிரை, குட்டி போட்ட சில மணி நேரத்தில் ஈறு வெளுத்து, வியர்த்து நடுங்கினால் உள்ளே ரத்தக்குழாய் வெடித்திருக்கக்கூடும். வண்டியில் ஏற்றாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். குட்டி அதன் கண்ணில் படும்படி இருக்கட்டும். லாயத்தில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள்.