மாஸ்டர் கிளை என்பது லேட்டஸ்ட் வெர்ஷன் அல்ல

"சார், கிட் புல் அடிச்சு மேக் இன்ஸ்டால் போட்டோம், டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." புது நிரலை இறக்குவது கிட் புல், பில்ட் செய்ததை நிறுவுவது மேக் இன்ஸ்டால். இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. குரல் மாறும், கம்பெனி மாறும், வாக்கியம் மாறுவதில்லை. போன வாரம் அழைத்தது ஒரு சிறிய மென்பொருள் குழு. போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளின் மூல நிரலை, டெவலப்பர்கள் இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கும் மாஸ்டர் கிளையிலிருந்து இறக்கி, தாங்களே பில்ட் செய்து, வாடிக்கையாளரின் பில்லிங் தரவை அதில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சில மாதங்கள் நன்றாகவே ஓடியிருக்கிறது. பிரச்சினையே அதுதான். முதல் நாளே படுத்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள்.

சர்வரின் லாகில் காரணம் தெளிவாகவே இருந்தது. தரவுக் கோப்புகள் ஒரு கேட்டலாக் எண்ணோடு (அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்) உருவானவை, சர்வர் வேறொரு எண்ணோடு கம்பைல் ஆனது, புதிதாகக் காலி டேட்டாபேஸை உருவாக்கும் இனிட்டிபி கட்டளையை ஓட்ட வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று ஒரு குறிப்பும் கூட. அந்தக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு, டேட்டா டைரக்டரியை அழித்து இனிட்டிபி ஓட்ட ஒருவர் தயாராக இருந்தார். நல்லவேளை, அதற்கு முன்னால் கூப்பிட்டார்கள். தயவுசெய்து கேளுங்கள்: அந்தக் குறிப்பு டெவலப்பர்களுக்கானது. சோதனைத் தரவை நாளுக்கு நாலு தடவை அழித்து உருவாக்குபவர்களுக்கு அது சரியான யோசனை. உங்கள் பில்லிங் தரவுக்கு அல்ல.

ஏன் மாஸ்டரிலிருந்து பில்ட் செய்தீர்கள் என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும்: "லேட்டஸ்ட்னா பக் எல்லாம் ஃபிக்ஸ் ஆகியிருக்கும்ல சார்?"

ஆகியிருக்காது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் முளைக்கிறது.

போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் தனியாக ஒரு ஸ்டேபிள் கிளை உண்டு. 16க்கு ஒன்று, 17க்கு ஒன்று, 18க்கு ஒன்று. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படும்போது, அந்தத் திருத்தம் மாஸ்டரில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. அந்தப் பிழை எந்தெந்தக் கிளைகளில் இருக்கிறதோ, ஆதரவில் உள்ள அத்தனை கிளைகளுக்கும் சேர்த்தே திருத்தத்தைக் கொண்டுபோகிறார்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் சிறு பதிப்புகளாக அவை நம் கைக்கு வருகின்றன. ஆக, 17இன் கடைசிச் சிறு பதிப்பில் இருப்பவர் பழையதில் மாட்டிக்கொண்டவர் அல்ல. மாஸ்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும் திருத்தம் அவருக்கும் கிடைக்கிறது. அப்படியானால் மாஸ்டரில் கூடுதலாக இருப்பது என்ன? இன்னும் யாரும் புரொடக்‌ஷனில் ஓட்டிப் பார்க்காத புது வசதிகளும், அவற்றோடு கூடவே பிறந்த, இன்னும் யார் கண்ணிலும் படாத பிழைகளும். அவ்வளவுதான்.

காலக்கணக்கையும் பாருங்கள். ஜூலையில் தொடங்கி மார்ச் வரை, வந்து சேர்ந்த மாற்றங்களைப் பரிசீலிக்கும் கமிட்ஃபெஸ்ட் சுற்றுகள் நடக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் புது வசதிகளுக்குக் கதவு மூடப்படும். மே வாக்கில் பீட்டா. செப்டம்பர் அல்லது அக்டோபரில் முறையான வெளியீடு. இதற்கு நடுவே, ஜூன் கடைசி அல்லது ஜூலை வாக்கில், வரப்போகும் பதிப்பின் கிளை தனியாகப் பிரிந்துவிடும். அந்த நிமிடமே மாஸ்டர் அதற்கும் அடுத்த பதிப்பாகிவிடும். ஜூலையில் மாஸ்டரை இறக்கினால் உங்களுக்குக் கிடைப்பது அந்த செப்டம்பரில் வரப்போகிற பதிப்பு அல்ல, அடுத்த ஆண்டு செப்டம்பரில் வரப்போவதன் முதல் வார நிலை.

அதில் இருப்பதெல்லாம் கடைசியில் வரும் என்றும் இல்லை. 15ஆம் பதிப்புக்காகச் சேர்த்த, ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் எஸ்க்யூஎல்-ஜேசன் வசதிகளை 2022 செப்டம்பரில், அதாவது அக்டோபர் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, மொத்தமாகத் திரும்ப எடுத்தார்கள். 17க்காகச் சேர்த்த, பார்ட்டிஷன்களை (பெரிய டேபிளின் பகுதிகளை) இணைக்கும், பிரிக்கும் கட்டளைகள் 2024 ஆகஸ்டில் போய்விட்டன. என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது மூன்றாவது கதை. ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு முன்பதிவு விழாதபடி பிரைமரி கீயிலேயே தடுக்கும் 'வித்தவுட் ஓவர்லாப்ஸ்' வசதி 2024 ஜனவரியில் மாஸ்டருக்குள் வந்தது. அதைப் பற்றி ஆங்காங்கே எழுதினார்கள், படித்துவிட்டு அதற்காகவே மாஸ்டரை பில்ட் செய்து முன்பதிவு மென்பொருளை அதன்மேல் ஏற்றியவர்களை நான் பார்த்தேன். அந்த ஆண்டு மே மாதமே வசதி திரும்ப எடுக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் 18ஆம் பதிப்பில்தான் முறைப்படி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் நிலை? தரவைக் கட்டளைகளாக எழுதி எடுத்து வைத்த டம்ப் கோப்பில் இருக்கும் டேபிள் வரையறையை, வெளியான 17 ஏற்றுக்கொள்ளாது. சாரம் பிரிக்காத வீட்டில் குடியேறிவிட்டு, சுவரை இடிக்கிறார்களே என்று கொத்தனாரிடம் சண்டைக்குப் போவது போலத்தான் இது. டெவலப்பர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, வெளியீட்டுக்கு முன் சரியில்லாததை எடுப்பது அவர்கள் வேலை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த முன்பதிவுத் தடையை எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் மூலம் எப்போதோ போட்டிருக்கலாம். அது 2010இல் 9.0 பதிப்பிலேயே வந்தது. கால இடைவெளிகளுக்கான ரேஞ்ச் வகைகள் 2012இல், 9.2இல். பீட்ரீ-ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் வேலை முடிந்தது. மாஸ்டரை நோக்கி ஓடும் முன் பத்து நிமிடம் ஆவணத்தைப் படியுங்கள்.

சரி, அந்தக் கேட்டலாக் எண்ணுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் தன் சொந்த விவரங்களை, அதாவது எந்த டேபிள், எந்த ஃபங்ஷன், எந்த டைப் என்பதையெல்லாம், சிஸ்டம் கேட்டலாக் டேபிள்களில் வைத்திருக்கிறது. மாஸ்டரில் ஒருவர் அவற்றின் அமைப்பை மாற்றினால் கேட்டலாக் எண்ணையும் மாற்றுவார். எண் தேதி வடிவில் இருக்கும்: 16ஆம் பதிப்பின் எண் 202307071, அதாவது 2023 ஜூலை 7, அன்றைய முதல் மாற்றம். ஸ்டேபிள் கிளையில் வெளியீட்டுக்குப் பிறகு இந்த எண் அசையாது. அதனால்தான் சிறு பதிப்பு மாறும்போது பைனரியை (கம்பைல் ஆன நிரலை) மட்டும் மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் போதுமாக இருக்கிறது. மாஸ்டரில் இது அடிக்கடி மாறும். 

"பேக்கப் இருக்கு சார்" என்பார்கள். என்ன பேக்கப் என்று கேட்டால் பேஸ்பேக்கப். அது அதே கோப்புகளின் நகல். பழைய பைனரி இல்லாமல் அதுவும் திறக்காது. ரெப்ளிகா எனும் நகல் சர்வரும் அப்படித்தான்.

இப்போது மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு மட்டும்: பதற வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். முதலில் டேட்டா டைரக்டரியை அப்படியே நகல் எடுங்கள், இனி எல்லா வேலையும் நகலில்தான். நிரலை இறக்கிய அடைவு இன்னும் இருந்தால் கிட் ரெஃப்லாகைப் பாருங்கள். புல் அடிப்பதற்கு முன் எந்தக் கமிட்டில், அதாவது நிரலின் எந்தப் பதிவு நிலையில், இருந்தீர்கள் என்பது அதில் இருக்கும். அந்தக் கமிட்டுக்குப் போய், பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் கட்டளைக்கு முன்பு கொடுத்த அதே தேர்வுகளோடு, வேறொரு இடத்தில் நிறுவும்படி பில்ட் செய்யுங்கள். அடைவே இல்லை, இமேஜ் பில்ட் முடிந்ததும் அழித்துவிட்டோம் என்றால், பிஜி-கண்ட்ரோல்டேட்டா கருவியை ஓட்டிக் கேட்டலாக் எண்ணை எடுங்கள். மூல நிரலில் கேட்வெர்ஷன் கோப்பின் வரலாற்றில் அந்த எண்ணைத் தேடினால், அது எந்தக் கமிட்டில் வந்தது, எதில் போனது என்று இரண்டு எல்லைகள் கிடைக்கும். உங்கள் கமிட் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். சர்வர் முறையாக நின்றிருந்தால், போவதற்கு முந்தைய கமிட்டே பெரும்பாலும் போதும். பாதியில் கில் செய்திருந்தால் வால் (WAL) கோப்புகளை, அதாவது மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைத்தவற்றை, மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும், அதன் வடிவமும் இடையில் மாறியிருக்கலாம், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். எழுந்து நின்றதும் வேறெதையும் செய்யாமல் பிஜி-டம்ப் போட்டு டம்ப் கோப்பை எடுங்கள். அப்புறம் முறையான பதிப்பில் ரீஸ்டோர்.

அடுத்த எரிச்சல், கான்ஃபிகர். ரீட்லைன் லைப்ரரி கிடைக்கவில்லை, வேண்டாமென்றால் 'வித்தவுட்' போட்டுக்கொள் என்று அதுவே சொல்லும். உடனே போட்டுவிடுவார்கள். அப்புறம் கட்டளைகளை அடிக்கும் பிஎஸ்க்யூஎல்லில் மேல் அம்பை அழுத்தினால் பழைய கட்டளை வரவில்லை என்று புலம்பல். அந்த லைப்ரரியின் டெவ் பேக்கேஜை நிறுவினால் முடிந்துபோகிற விஷயம். 16ஆம் பதிப்பிலிருந்து, மொழிவாரி எழுத்து வரிசை தெரிந்த ஐசியு லைப்ரரி தானாகவே சேரும். இல்லாவிட்டால் கான்ஃபிகர் நின்றுவிடும், அதற்கும் ஒரு வித்தவுட் போடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் எழுதுபவர்களே, அதைத் தொடாதீர்கள். வெறும் யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து வந்து நிற்கும், ற என்பது ர-வுக்கு அடுத்து, ள-வுக்குப் பின்னால் ழ. நம் அகரவரிசை ஐசியுவின் தமிழ் கொலேஷனில், அதாவது வரிசை விதியில், இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, வாடிக்கையாளர் பட்டியல் ஏன் தாறுமாறாக வருகிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இவையாவது கண்ணில் படும். கண்ணில் படாத ஒன்று உண்டு: கான்ஃபிகருக்கு எந்தத் தேர்வும் கொடுக்காமல் பில்ட் செய்தால், இணைப்பை மறையாக்கும் (எஸ்எஸ்எல்) லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் சேராது. கேட்காமல் அது வராது. அந்த சர்வரோடு பேசும் கிளையன்ட் இயல்புநிலை அமைப்பில் இருந்தால், எஸ்எஸ்எல் உண்டா என்று கேட்கும், இல்லை என்றதும் சத்தமில்லாமல் மறையாக்கம் இல்லாத இணைப்புக்கு இறங்கிவிடும். பிழைச்செய்தி கிடையாது, லாகில் எச்சரிக்கை கிடையாது. வாடிக்கையாளர் விவரமெல்லாம் நெட்வொர்க்கில் திறந்தபடி போகும். கிளையன்ட் பக்கம் எஸ்எஸ்எல் கட்டாயம் என்று வைத்திருந்தால்தான் இணைப்பு மறுக்கப்பட்டு விஷயம் வெளியே வரும்.

"நாங்களே கம்பைல் செய்தால் வேகமாக இருக்கும்" என்பதற்கு ஒரு வரி போதும்: எங்கிருந்தோ நகலெடுத்த கட்டளையில், நிரல் தன்னைத்தானே சரிபார்க்கும் அசெர்ட் சோதனைகளை இயக்கும் தேர்வு ஒட்டிக்கொண்டு, பேக்கேஜில் வருவதைவிட மெதுவாக ஓடும் சர்வர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்புத் திருத்தம் விஷயம் இன்னும் மோசம். பேக்கேஜில் நிறுவியிருந்தால் அப்டேட் வந்திருக்கிறது என்று சிஸ்டமே சொல்லும். நீங்களே பில்ட் செய்ததை யார் சொல்வார்கள்? 2025 பிப்ரவரியில், கிளையன்ட்கள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் லைப்ரரியான லிப்பிக்யூவின் மேற்கோள் கையாளும் ஃபங்ஷன்களில் ஓட்டை கண்டுபிடித்து 17.3இல் அடைத்தார்கள். உங்கள் யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவில் எப்போதோ நிறுவிய லிப்பிக்யூ அதைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்காது. முறையாக வெளியான பதிப்பிலும் பெரிய பிழை வரும், மறுக்கவில்லை. 14இல் கன்கரன்ட்லி போட்டு, அதாவது டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல், உருவாக்கும் இண்டெக்ஸ் கெட்டுப்போகலாம் என்று தெரிந்ததும், 2022 ஜூனில் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் 14.4ஐ வெளியிட்டார்கள், எந்த இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டும் என்ற விளக்கத்தோடு. மாஸ்டரில் அப்படி ஒரு பிழை இரண்டு கமிட்டுகளுக்கு நடுவே வந்து போனால், அதற்கு வெளியீட்டுக் குறிப்பு யாரும் எழுதமாட்டார்கள்.

இவ்வளவு திட்டியதால் மாஸ்டரை பில்ட் செய்யவே கூடாது என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். செய்யுங்கள், நிறையப் பேர் செய்ய வேண்டும். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் புகுத்தப்பட்டிருந்த பின்கதவை உலகத்துக்குச் சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், ஒரு போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். டெபியன் லினக்ஸின் அன்ஸ்டேபிள் பதிப்பில் போஸ்ட்கிரெஸ்ஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து மெஷினுக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதில் அகப்பட்டது அது. அந்தக் கெட்ட எக்ஸ்இசட் பெரும்பாலான ஸ்டேபிள் பதிப்புகளை எட்டியிருக்கவில்லை. அன்ஸ்டேபிள் பதிப்பைச் சோதனைக்கு வைத்திருந்த ஒருவர் முன்னாலேயே பிடித்துவிட்டார்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நிறுவும் இடத்தைச் சொல்லும் பிரிஃபிக்ஸ் தேர்வில் கமிட் எண்ணோடு தனி அடைவு கொடுங்கள், பழைய பில்ட்டின் மேல் புதியதை ஒருபோதும் நிறுவாதீர்கள். வழக்கமான போர்ட் 5432 வேண்டாம், வேறு எடுங்கள். ரூட்டாகச் செய்யாதீர்கள், இனிட்டிபியே மறுத்துவிடும். பில்டுக்குத் தேவையான பைசன், ஃப்ளெக்ஸ், பெர்ல் மூன்றும் முதலிலேயே இருக்கட்டும். அசெர்ட் சோதனைகளை இயக்கியே பில்ட் செய்யுங்கள், சோதனைக்கு வேகம் எதற்கு? கூடவே வரும் சோதனைகளை ஓட்டும் மேக் செக் போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். உள்ளே போடுவது உங்கள் தரவின் நகல், அதுவும் பெயர், தொலைபேசி எண்களை மாற்றியது. பீட்டா வரும் மாதங்களில் உங்கள் குவெரிகளை அதில் ஓட்டி, எது உடைகிறதோ அதைத் தெரிவியுங்கள். அவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

மூல நிரலிலிருந்துதான் பில்ட் செய்ய வேண்டும், பேக்கேஜ் ஒத்துவராது என்று நியாயமான காரணம் இருந்தால், மாஸ்டரை விட்டுவிட்டு வெளியான பதிப்பின் டேகை (அந்தப் பதிப்பின் பெயரிட்ட கமிட்டை) எடுத்து பில்ட் செய்யுங்கள். அதே கட்டளைகள்தான், அதே நேரம்தான் ஆகும்.

கடைசியாக, உங்கள் சர்வர் யார் நிறுவியது என்றே தெரியாத நிலையில் இருப்பவர்கள் ஷோ போட்டு சர்வர் வெர்ஷனைக் கேளுங்கள். எண்ணுக்குப் பின்னால் 'டெவல்' என்று வந்தால், அது மாஸ்டரில் பில்ட் செய்தது; இன்றைக்கே, ரீஸ்டார்ட் எதுவும் செய்வதற்கு முன், பிஜி-டம்ப் எடுத்து வேறு மெஷினில் வையுங்கள். பிஜி-கான்ஃபிக் சொல்லும் கான்ஃபிகர் வரியையும் நகலெடுத்து அதே இடத்தில் வையுங்கள். நிறுவிய அடைவை முழுதாக டார் செய்து அதோடு சேருங்கள். அதுவரை அந்த மெஷினில் யாரும் கிட் புல் அடிக்க வேண்டாம்.